எனக்கு வந்தது ஜலதோஷம் இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது ஜலதோஷம் இல்லை. ஃப்ளூ. அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டு, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன். அதில் மூன்று நாள் ஐ.சி.யூ.வில். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். சாத்துக்குடி வாங்கி வருகிறார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஜலதோஷத்தை இப்படியா அலட்சியம் பண்ணுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தோரு வயதில் செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன். நீயே வரவழைத்துக்கொண்டதுதானே என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போகிறார்கள். அலட்சியம் நடந்தது உண்மை. பண்ணியது யார் என்பதுதான் கேள்வி. நடந்தது நடந்தபடி ஒப்புக்கொள்ளப்பட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். என் கணவர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் சூப்பரிண்டெண்டண்ட். ஒரே பெண் வித்யா, ஒன்பதாவது படிக்கிறாள். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு டெலிபோன் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அது வந்திருக்கவே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. முதலில் படுத்தது நான் இல்லை, என் கணவர். சனிக்கிழமை தொண்டையில் லேசாக அரிக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை தும்ம ஆரம்பித்தார். திங்கட்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பித்து, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். வித்யா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். ஜுரம் துளிக்கூட இல்லை. ஆனால் தலையைச் சுற்றி மப்ளர் என்ன, வேளைக்கு ஒரு மிளகு ரசம் என்ன, சுக்குக் கஷாயம் என்ன, ஆவி பிடிக்க வெந்நீர் என்ன! சும்மா சொல்லக் கூடாது, நோயாளியாக இருப்பதில் அவர் மகா கெட்டிக்காரர். டி.வி. சத்தம் தலையை இடிக்கிறது என்று வித்யாவை அணைக்கச் சொன்னார். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. ராத்திரிக்கு நாலு தோசை, மிளகாய்ப்பொடி எண்ணெயோடு.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு அப்போது ஒன்றுமே இல்லை. மூன்றாவது பீரியடில் பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றின் கீழ் நான்கு எழுதி, கூட்டல் குறி போடும்போது முதுகில் சில்லென்று ஒரு நடுக்கம் ஓடியது. ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மணி பதினொன்றே கால். ஐந்து நிமிஷத்தில் பல் கிட்டிக்கொண்டு, கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். உடம்பில் இருக்கிற எலும்பையெல்லாம் உலக்கை போட்டு இடித்த மாதிரி வலி. கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. ஒரு தும்மல் இல்லை. மூக்கு காய்ந்து கிடந்தது.

பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் கணவர் கட்டிலில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். நான் புடவையைக்கூட மாற்றாமல் பாயை விரித்துப் படுத்ததைப் பார்த்து, உனக்கும் ஒட்டிண்டுடுத்தா என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

இங்கே எங்கள் குடும்பத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் அண்ணா மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். கணக்குத் துறையில் பெரிய ஆபீஸர். இருபது வருஷமாகத் தடித்தடியான புத்தகங்களைப் படித்து ஹோமியோபதி கற்றுக்கொண்டவர். அவர் வீட்டு அலமாரியில் ஒரு மரப்பெட்டி, அதில் நூறு குட்டிப் பாட்டில்கள், எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று கடுகளவு சர்க்கரை உருண்டைகள். யாரிடமும் காசு வாங்க மாட்டார். காசு வாங்கினாலாவது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அண்ணாவுக்குச் சொல்லியாக வேண்டும். அவரைக் கேட்காமல் வேறு டாக்டரிடம் போனால், அண்ணாவை அவமானப்படுத்திவிட்டதாக அர்த்தம்.

அவர் நிறையக் கேள்வி கேட்பார். வெந்நீர் பிடிக்கிறதா, பச்சைத் தண்ணீர் பிடிக்கிறதா? இடது பக்கம் படுத்தால் சௌகரியமா, வலது பக்கமா? யாராவது சமாதானம் சொன்னால் அழுகை அடங்குகிறதா, அதிகமாகிறதா? எல்லாம் என் உடம்பைப் பற்றிய கேள்விகள். ஆனால் பதில் சொல்கிறவள் நான் இல்லை. தம்பி பெண்டாட்டி மூத்த மைத்துனரோடு உட்கார்ந்து பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ‘வாங்கோ’, ‘காபி எடுத்துக்கோங்கோ’ என்பதைத் தாண்டி அவரிடம் நான் ஒரு வாக்கியம் பேசியதில்லை. கேள்வியும் பதிலும் என் கணவர் வழியாகத்தான் போய் வரும்.

அன்றைக்கும் அப்படித்தான் போயிற்று. அவர் போனை எடுத்து, தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அண்ணாவிடம் சொன்னார்.

“ராஜிக்கும் எனக்கு வந்த அதேதான் அண்ணா. தும்மல், மூக்கு ஒழுகறது, தொண்டை கரகரங்கறது.”

நான் பாயிலிருந்தபடியே, எனக்குத் தும்மலே இல்லையே என்றேன். அவர் போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இனிமே வரும்,” என்றார்.

அதோடு எனக்கு வைத்தியம் முடிந்தது. அண்ணாவிடமிருந்து அவருக்கு ஏற்கெனவே வந்திருந்த பாட்டிலில் பாதி உருண்டைகளை இன்னொரு பாட்டிலில் கொட்டி எனக்குக் கொடுத்தார்கள். காபி கூடாது, வெங்காயம் கூடாது, இங்கிலீஷ் மாத்திரை கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது, மருந்து முறிந்துவிடும். நூற்றுமூன்று டிகிரி ஜுரத்தில் கொதித்துக்கொண்டு, ஒரு சாதாரண ஜுர மாத்திரைகூடப் போட்டுக்கொள்ளாமல், நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் அடுத்தவர் ஜலதோஷத்துக்கான சர்க்கரையைச் சப்பிக்கொண்டு கிடந்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

புதன்கிழமை அவருக்கு மூக்கு விட்டுவிட்டது. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானே, நான் எழுந்து போகலையா என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். வித்யா சாயங்காலம் ஜுரம் பார்த்து நூற்றுமூன்று என்று சொன்னதற்கு, தெர்மாமீட்டரை நீ சரியாக உதறியிருக்க மாட்டாய் என்றார். பாவம் அந்தப் பெண், மூன்று தரம் உதறிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அதே நூற்றுமூன்று. அவர் அதற்குள் செய்தி கேட்க உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் கன்னியம்மா. பட்டினப்பாக்கத்திலிருந்து வருவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மரப்பெட்டியும் கிடையாது. வியாழக்கிழமை காலையில் துடைப்பத்தோடு வந்தவள் என் பாய் அருகே குந்தி உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஐயருக்கு வந்தது சளி மாமி. நாலு தோசை துன்னுட்டு தும்மிக்கினு இருந்தாரு. உனுக்கு வந்தது வேற. எங்க தெருவுலயும் ரெண்டு பேரு இப்டித்தான் படுத்துக்கினு கீறாங்க. பேசாம டாக்டராண்ட போ.”

அந்த மூன்று நாளில் என்னைப் பார்த்துவிட்டு என் உடம்பைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவள்தான். ஏன் நான் போகவில்லை? இரண்டு தெரு தள்ளி கிளினிக் இருக்கிறது. நான் சம்பாதிக்கிறவள், நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆள்கிறவள். கால் ஊன்ற முடியவில்லை என்பது ஒரு காரணம். அண்ணா மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது வேறிடம் போய் யார் பேச்சு கேட்பது என்ற பயம் இன்னொரு காரணம். என் கோபத்துக்கு ஆளானவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் கடைசியில்தான் சேர்ப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜுரம் இறங்கியது. உடம்பு துவைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தாலும் எழுந்து உட்கார முடிந்தது. உடனே மேற்கு மாம்பலத்துக்குப் போன் பறந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று அங்கேயும் இங்கேயும் ஒரே குதூகலம். அந்தக் குதூகலத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மாமனாரின் ஸ்ராத்தம். அண்ணா வீட்டில்தான் வருஷா வருஷம் நடக்கும். அண்ணாவின் மனைவியான என் ஓர்ப்படியும் நானும் சேர்ந்துதான் சமைக்க வேண்டும். ஓர்ப்படிக்கு முழங்கால் வலி, தனியாக முடியாது. உன்னால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஜுரம்தான் விட்டுவிட்டதே!

ஸ்ராத்தச் சமையல் என்பது சாதாரணச் சமையல் இல்லை. மடியாகச் செய்ய வேண்டும். விடியற்காலையில் தலைக்குக் குளித்து, யாரும் தொடாமல் உலர்த்திய ஒன்பது கஜத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த மழையில் கொடியில் போட்ட புடவை எங்கே உலரும்? ஈரமாகவே சுற்றிக்கொண்டேன். வடைக்கு அரைத்து, எள்ளுருண்டை பிடித்து, பிரண்டைத் துவையல், பாகற்காய், வாழைக்காய், இரண்டு பாயசம் என்று அடுப்படியில் நின்றேன். சாஸ்திரிகள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவர்கள் எழுந்தபோது மணி இரண்டு. நடுவில் ஒருதரம் தலை சுற்றி, கிணற்றடித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் வந்த அண்ணா என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி என் கணவரிடம், ‘நன்னாத் தேறிட்டாளே’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நடுக்கம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வலது விலாவில் ஒரு குத்தல். மூச்சை உள்ளே இழுத்தால் பாதியிலேயே அது வந்து நிறுத்தியது. இருமினால் சளி துரு நிறத்தில் வந்தது. வித்யாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்க நினைத்தேன். ‘வித்யா’ என்று சொன்னதும் மூச்சு தீர்ந்துவிட்டது. ‘தண்ணி’ என்று சொல்ல இன்னொரு மூச்சுக்குக் காத்திருந்தேன். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிற காற்று எனக்குள் இல்லை என்று தெரிந்தபோதுதான் நிஜமாகப் பயந்தேன்.

என் கணவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கை எங்கே போயிற்று தெரியுமா? போனுக்கு. அண்ணா பூஜையில் இருக்கிறார், பத்து நிமிஷம் ஆகும் என்று அங்கிருந்து பதில் வர, இவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மூச்சுக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், இவர் பூஜை முடியக் காத்துக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் கன்னியம்மா உள்ளே வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“போனை வெச்சிடு ஐயரே. ஒதடு நீலமாப் பூட்ச்சு. நான் ஆட்டோ இட்டாறேன், நீ சட்டையைப் போடு.”

அவளும் வித்யாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி இரண்டு மாடி இறக்கினார்கள். ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து, விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டுமாம். அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. எத்தனை நாளாக, என்ன தொந்தரவு என்று என் கணவரைக் கேட்டாள். ஒரு வாரமா ஜலதோஷம் டாக்டர், நேற்று கொஞ்சம் அலைச்சல் என்றார் அவர்.

எனக்கு அந்த நிமிஷம் எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. மாஸ்க்கைப் பிடித்து இழுத்தேன். நர்ஸ் மறுபடி வைத்து அழுத்தினாள். மறுபடியும் இழுத்தேன். உயிர் போகிற நேரத்தில்கூட இந்த மனுஷன் தன் மூக்கைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்ற ஆத்திரம். டாக்டர் குனிந்து, சொல்லுங்கம்மா என்றாள்.

“ஜலதோஷம்… இல்லை. செவ்வாக்கெழமை… பதினொண்ணேகால். மூணாவது… பீரியட்.”

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தாள்.

“சளி பிடிச்சவங்க யாரும் ஆரம்பிச்ச மணியைச் சொல்ல மாட்டாங்க சார். இவங்க சொல்றாங்க. இது ஃப்ளூ. இப்ப நிமோனியாவா ஆகியிருக்கு. இனிமே நான் இவங்களையே கேட்டுக்கறேன்.”

அவளுக்குக் கோயில் கட்டலாம்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. காற்று இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத் தெரியுமாம், சீழும் நீரும் நிறைந்தால் வெள்ளையாம். மணிக்கட்டில், நாடி பார்க்கிற இடத்தில் ஊசியை ஆழமாக இறக்கி ரத்தம் எடுத்தார்கள். பிள்ளை பெற்ற வலியைத் தாங்கியவள் அதற்குக் கத்திவிட்டேன். ஐ.சி.யூ.வில் பகலும் இரவும் ஒரே வெளிச்சம். மூச்சுத் திணறல் இன்னும் கூடினால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு நாள் முழுக்க நான் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். சாவைவிட எனக்கு வேறொரு பயம் பெரிதாக இருந்தது. நாளைக்கு வித்யா எரிகிற உடம்போடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் இந்த வீட்டில் யாரிடம் சொல்வாள்? சொன்னால் யார் காதில் ஏறும்? தெர்மாமீட்டரைச் சரியாக உதறவில்லை என்பார்களே! அதை நினைத்து நினைத்து அழுதேன். நர்ஸ் வந்து, அழுதால் மூச்சு வாங்கும் என்று அதட்டினாள்.

மூன்று நாள் கழித்து ஜுரம் இறங்க, வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் தினமும் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு என் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிஷம் நிற்பாள். ஆசிரியை என்று தெரிந்ததாலோ என்னவோ, பாடம் மாதிரியே சொன்னாள். ஜலதோஷமும் ஃப்ளூவும் இரண்டுமே வைரஸ் கிருமிதான், ஆனால் வேறு வேறு கிருமிகள். ஜலதோஷம் மூக்கிலும் தொண்டையிலுமே இருந்துவிட்டுப் போய்விடும். மெல்ல மெல்ல வரும். பெரியவர்களுக்கு ஜுரம் பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாக வரும். தும்முவார்கள், புலம்புவார்கள், நடமாடுவார்கள், சாப்பிடுவார்கள். ஃப்ளூ அப்படி இல்லை. நன்றாக இருக்கிற ஆளைத் திடீரென்று கீழே தள்ளும். கடும் ஜுரம், கை கால் வலி, தலைவலி, வறட்டு இருமல், எழுந்திருக்க முடியாத அசதி. பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தால் தானே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும், ஃப்ளூ மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டுப் போன இடத்தில் வேறு கிருமி புகுந்து நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் எனக்கு நடந்தது.

“நல்லாயிட்டோம்னு நெனச்ச ரெண்டு நாள்ல மறுபடி ஜுரம் வந்தா, மூச்சு வாங்கினா, ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்கக் கூடாது,” என்றாள். “அதை எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன்.

ஈரப்புடவையால்தான் வந்ததா என்று கேட்டேன். ஈரத்தில் கிருமி இல்லை என்றாள். முதல் நாளே தன்னிடம் வந்திருந்தாலும் ஜுர மாத்திரையும் ஓய்வும்தான் சொல்லியிருப்பாளாம். “ஆனா ஞாயித்துக்கிழமை உங்களை அடுப்பு முன்னாடி நிக்க விட்டிருக்க மாட்டேன்,” என்றாள். அதைக் கேட்டபோது என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். சாத்துக்குடித் தோலை வெகு கவனமாக உரித்துக்கொண்டிருந்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு நாளும் அவர் என்னை விட்டு நகரவில்லை. ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே மூன்று இரவு உட்கார்ந்திருந்தார். வார்டுக்கு வந்ததும், கேட்காமலே, ஃபிளாஸ்கில் டிகாக்‌ஷன் காபி போட்டுக் கொண்டுவந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு குடித்த அந்தக் காபிக்காக அவரை ஏறக்குறைய மன்னித்துவிட்டேன். வித்யா பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, சிக்குப் பிடித்த என் தலையை இழை இழையாகப் பிரித்துப் பின்னிவிடுவாள். கன்னியம்மா ஒரு நாள் பஸ் ஏறி வந்து, நின்றபடியே பார்த்து, ‘ஒதடு செவந்துச்சு’ என்று சொல்லிவிட்டு உடனே போய்விட்டாள். அவளுக்கு நாலு வீட்டு வேலை பாக்கி இருந்தது.

மன்னித்துவிட்டேன் என்றேன் அல்லவா? அது இரண்டு நாள்தான் நீடித்தது. எங்கள் வார்டு வாசலை ஒட்டி, காசு போட்டுப் பேசுகிற போன் ஒன்று இருந்தது. என் கணவர் அதில் தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜலதோஷம்தான் அக்கா, முத்திப்போயிடுத்து என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், ‘அவ எங்க உடம்பைப் பாத்துக்கறா, ஒரே அலட்சியம்’ என்றார். என் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் எழுந்து போய் ரிசீவரைப் பிடுங்கியிருப்பேன். அன்றைக்குப் புரிந்தது, இந்த அலட்சியக் கதை எங்கே புறப்பட்டது என்று. அது வீடு வீடாகப் போய், கடைசியில் சாத்துக்குடிப் பையோடு என் கூடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. நானும் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாவும் ஓர்ப்படியும் வந்தார்கள். அண்ணா சட்டைப்பையிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்து, என் கணவரிடம் பேச ஆரம்பித்தார். நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். ஜலதோஷத்தை ஒருநாளும் அலட்சியம் பண்ணப்படாதுடா, அவளுக்கு எடுத்துச் சொல்லு என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். ஆமாம், தலையை ஆட்டினார்!

நான் எழுந்து போய் அண்ணாவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. ஓர்ப்படி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“எனக்கு ஜலதோஷமே வரலை,” என்றேன். “ஒரு தும்மல் இல்லை. மூக்கு ஒழுகலை. முதல் நாள்லேர்ந்து நூத்திமூணு ஜுரம். உங்களுக்குப் போன்ல வந்தது என் உடம்பு இல்லை. இவரோட உடம்பு.”

அண்ணா என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பழக்கம் அப்படி. தம்பியைப் பார்த்து, என்னடா சொல்றா என்றார். என் கணவர் பேப்பரை எடுத்து மடித்தார், பிரித்தார். பழசையெல்லாம் இப்ப எதுக்கு என்றார்.

“நீங்களே சொல்லுங்கோ,” என்றேன் நான். “நான் காத்துண்டிருக்கேன்.”

நிஜமாகவே காத்திருந்தேன். உள்ளே குக்கர் சத்தம் போட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. வித்யா சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை ஒருதரம் பார்த்தார். அதற்கப்புறம்தான் பேப்பரைக் கீழே வைத்தார்.

“எனக்கு இருந்ததைத்தான் சொன்னேன் அண்ணா,” என்றார். “அவளை நான் கேக்கவே இல்லை.”

அண்ணா மேஜையில் வைத்த பாட்டிலை எடுத்துத் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, வரேம்மா என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் கோபம் ஆறிவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆறவில்லை. என் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, போறுமா என்று கேட்டார்.

“போறாது,” என்றேன். “உங்க அக்கா இன்னமும் நான்தான் அலட்சியம் பண்ணினேன்னு நெனச்சுண்டிருக்கா.”

அவர் போய் போனை எடுத்தார்.